வெளிநாட்டு வருமானம்: நாட்கணக்கு, ஒப்பந்தம், சான்று

பனியன் தொழில் தெரிந்தவருக்கு இன்று பல நாடுகளில் வேலை இருக்கிறது. திருப்பூரின் மண்ணரையிலும் ஊத்துக்குளி சாலையை ஒட்டிய தெருக்களிலும் வளர்ந்த கட்டிங் மாஸ்டர், மெர்ச்சண்டைசர், டையிங் டெக்னீஷியன், குவாலிட்டி கன்ட்ரோலர் போன்றவர்களை டாக்காவின் ஆடை ஆலையும் துபாயின் டிரேடிங் கம்பெனியும் எத்தியோப்பியாவின் தொழிற்பூங்காவும் அழைக்கின்றன. ஊரிலேயே இருப்பவர்களுக்கும் வெளிநாட்டுக் கணக்கு வந்துவிட்டது. ஏற்றுமதியாளர் வெளிநாட்டு ஏஜென்டுக்குக் கமிஷன் அனுப்புகிறார். நிட்டிங் மெஷினைப் பார்க்க ஜெர்மனியிலிருந்து ஆள் வருகிறார். கல்லூரி முடித்த பிள்ளைகள் அமெரிக்கப் பங்குகளைக் கைப்பேசியிலேயே வாங்குகிறார்கள்.

இந்த வருமானங்களுக்கு எங்கே, எவ்வளவு வரி என்ற கேள்விக்கு டீக்கடையிலும் வாட்ஸ்அப்பிலும் மூன்று பதில்கள் உலவுகின்றன. "பணம் இந்தியாவுக்கு வராத வரை வரி இல்லை." "அங்கே வரி பிடித்துவிட்டார்கள், இங்கே கேட்க மாட்டார்கள்." "என்.ஆர்.இ. கணக்கு இருக்கிறது, அதனால் நான் என்.ஆர்.ஐ." மூன்றும் தவறு. மூன்றுமே பல குடும்பங்களுக்கு நோட்டீஸையும் அபராதத்தையும் கொண்டுவந்திருக்கின்றன.

சரியான வழியில் மூன்று படிகள் உண்டு. முதலில் உங்கள் வசிப்பு நிலையை நாட்கணக்கால் முடிவு செய்ய வேண்டும். அடுத்து, அந்த வருமானத்தைப் பற்றி இரு நாட்டு வரி ஒப்பந்தம் என்ன சொல்கிறது என்று பார்க்க வேண்டும். கடைசியாக, சொல்வதை நிரூபிக்கும் சான்றைக் கையில் வைத்திருக்க வேண்டும். இந்த வரிசையை மாற்றாதீர்கள். வசிப்பு நிலை தெரியாமல் ஒப்பந்தத்தைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை. சான்று இல்லாமல் ஒப்பந்தச் சலுகையும் கிடைக்காது.

ஒரு குறிப்பு: 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் இடத்தில் 2025-ஆம் ஆண்டுச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. வசிப்பு நிலையைத் தீர்மானிக்கும் நாட்கணக்கு புதிய சட்டத்திலும் பெரும்பாலும் அப்படியே தொடர்கிறது. பிரிவு எண்களும் படிவ எண்களும் மாறியிருக்கின்றன. ஆடிட்டர்களுக்கும் வங்கிகளுக்கும் பழகிய பழைய எண்களையே இந்த அத்தியாயம் சொல்கிறது. தாக்கல் செய்யும்போது புதிய எண்ணைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் படி: நாட்களை எண்ணுங்கள்

வரிச்சட்டத்துக்கு நீங்கள் எந்த நாட்டுக் குடிமகன் என்பதைவிட, அந்த நிதியாண்டில் எத்தனை நாள் இந்தியாவில் இருந்தீர்கள் என்பதே முக்கியம். ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை கணக்கு. ஒவ்வோர் ஆண்டுக்கும் புதிதாக எண்ண வேண்டும். போன வருடம் என்.ஆர்.ஐ. என்பதால் இந்த வருடமும் என்.ஆர்.ஐ. ஆகிவிட முடியாது.

அடிப்படை விதிகள் இரண்டு. அந்த ஆண்டில் 182 நாளோ அதற்கு மேலோ இந்தியாவில் இருந்தால் நீங்கள் ரெசிடென்ட். அல்லது, அந்த ஆண்டில் 60 நாளும் அதற்கு முந்தைய 4 ஆண்டுகளில் மொத்தம் 365 நாளும் இருந்தாலும் ரெசிடென்ட். இரண்டிலும் வராதவர் என்.ஆர்.ஐ.

இரண்டாவது விதியை அப்படியே வைத்தால் வேலைக்குப் போகும் எல்லோருமே போகும் ஆண்டில் மாட்டிக்கொள்வார்கள். அதனால் ஒரு தளர்வு உண்டு. இந்தியக் குடிமகன் வேலைக்காக வெளிநாடு புறப்படும் ஆண்டில் 60 நாள் விதி அவருக்குப் பொருந்தாது, 182 நாள் மட்டுமே அளவு. சொந்தத் தொழில் நடத்தப் போவதும் வேலைக்குப் போவதில் அடங்கும் என்று கேரள உயர் நீதிமன்றம் 2011-இல் தீர்ப்பளித்திருக்கிறது. ஆனால் கண்காட்சிக்கும் பையரைப் பார்க்கவும் போய்வரும் ஏற்றுமதியாளருக்கு இந்தத் தளர்வு இல்லை. அவர் போவது பயணம், குடிபெயர்வு அன்று.

விடுமுறைக்கு ஊருக்கு வரும் என்.ஆர்.ஐ.க்கும் 60 நாளுக்குப் பதில் 182 நாள்தான் அளவு. ஆனால் 2020-ஆம் ஆண்டு நிதிச் சட்டம் இதில் ஒரு வரம்பு வைத்தது. வாடகை, வட்டி, கம்பெனிப் பங்கு லாபம் என இந்தியத் தரப்பு வருமானம் 15 லட்சத்தைத் தாண்டினால், 182 என்பது 120 நாளாகக் குறையும். மண்ணரையில் குடோன் வாடகையும் வட்டியும் வரும் என்.ஆர்.ஐ. ஒருவர், அம்மாவின் உடல்நிலைக்காக நாலைந்து மாதம் தங்கினால், இந்தக் கோட்டைத் தாண்டிவிடக்கூடும்.

நாட்களை எண்ணும்போது வந்த நாளையும் புறப்பட்ட நாளையும் இந்தியாவில் இருந்த நாளாகவே எண்ணிவிடுங்கள். வந்த நாளைச் சேர்ப்பதா விடுவதா என்பதில் தீர்ப்பாயங்கள் ஒரே குரலில் பேசியதில்லை. இரண்டையும் சேர்த்து எண்ணியும் கணக்கு தேறினால் கவலை இல்லை.

ஒரு வாரத்தின் விலை

ஏப்ரல் 1 முதல் செப்டம்பர் 30 வரை 183 நாள். செப்டம்பர் 28 அன்று விமானம் ஏறினால், அந்த நாளையும் சேர்த்து 181. அந்த நிதியாண்டில் திரும்பி வராவிட்டால் நீங்கள் என்.ஆர்.ஐ. செப்டம்பர் 29 அன்று ஏறினால் 182. நீங்கள் ரெசிடென்ட். இந்த ஒரு நாள் எவ்வளவு பெரியது என்று ஒரு கணக்கில் பார்ப்போம்.

திருப்பூரில் மாதம் 80,000 ரூபாய் வாங்கிய ஒரு சீனியர் மெர்ச்சண்டைசர் துபாயில் மாதம் 2 லட்சம் ரூபாய்க்கு இணையான வேலைக்குச் சேர்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை இங்கே 4.80 லட்சம், அக்டோபர் முதல் மார்ச் வரை அங்கே 12 லட்சம்.

செப்டம்பர் 28-இல் புறப்பட்டால் அவர் என்.ஆர்.ஐ. துபாய்ச் சம்பளம் இந்திய வரிக்குள் வராது. இங்கே வாங்கிய 4.80 லட்சத்தில் 75,000 நிலைக் கழிவு போக 4.05 லட்சம். 2025-26 நிதியாண்டின் புதிய முறை விகிதத்தில் வரி, செஸ் சேர்த்து 260 ரூபாய்.

அக்டோபர் 5-இல் புறப்பட்டால் அவர் ரெசிடென்ட். மொத்தம் 16.80 லட்சமும் இங்கே கணக்கில் சேரும். கழிவு போக 16.05 லட்சத்துக்கு வரி 1,21,000, செஸ்ஸோடு 1,25,840 ரூபாய். ஐக்கிய அரபு அமீரகத்தில் சம்பளத்துக்கு வருமான வரி இல்லை என்பதால், அங்கே கட்டிய வரி என்று இங்கே கழித்துக்கொள்ளவும் எதுவும் இல்லை. ஒப்பந்தமும் உதவாது. இந்திய-அமீரக ஒப்பந்தப்படி ஒரு தனிநபர் அந்தக் காலண்டர் ஆண்டில் 183 நாளாவது அமீரகத்தில் இருந்தால்தான் அந்நாட்டு வசிப்பாளர். அக்டோபரில் போனவருக்கு அந்த ஆண்டில் மூன்று மாதம்கூட முழுதாகத் தேறாது.

வேலைக் கடிதம் கையில் வந்தவுடன், பெட்டி கட்டுவதற்கு முன் காலண்டரை எடுங்கள். சேரும் தேதியை ஒரு வாரம் முன்னால் தள்ளித் தரச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை. பெரும்பாலான முதலாளிகள் சம்மதிப்பார்கள்.

சம்பளம் எங்கே வந்து விழுகிறது என்பதும் முக்கியம். என்.ஆர்.ஐ.யாக இருந்தாலும் வருமானம் முதன்முதலில் இந்தியாவில் பெறப்பட்டால், இந்தியா அதற்கு வரி கேட்கலாம். அதனால் வெளிநாட்டுச் சம்பளத்தை முதலில் அந்நாட்டு வங்கிக் கணக்கில் வாங்குங்கள், பிறகு ஊருக்கு அனுப்புங்கள். ஒருமுறை அங்கே பெற்ற பணத்தை இங்கே அனுப்புவது வெறும் பணப் பரிமாற்றம், புதிய வருமானம் அன்று. திருப்பூர்க் கம்பெனியே உங்களை டாக்கா ஆபீசுக்கு அனுப்பி, சம்பளத்தைத் திருப்பூர்க் கணக்கில் போட்டால் நிலைமை வேறு. அங்கே ஒப்பந்தத்தின் சம்பளப் பிரிவையும் வங்கதேச வரித்துறை தரும் வசிப்புச் சான்றையும் காட்டித்தான் விலக்கு கேட்க வேண்டியிருக்கும்.

ஊர் திரும்புகிறவர்களுக்கு ஓர் இடைநிலை

ரெசிடென்ட், என்.ஆர்.ஐ. இரண்டுக்கும் நடுவே ஆர்.என்.ஓ.ஆர். என்றொரு நிலை இருக்கிறது. ஊர் திரும்புகிறவர்களுக்கு இது பெரிய ஆறுதல். முந்தைய 10 ஆண்டுகளில் 9 ஆண்டுகள் என்.ஆர்.ஐ.யாக இருந்தவரும், முந்தைய 7 ஆண்டுகளில் மொத்தம் 729 நாளோ அதற்குக் குறைவாகவோ இந்தியாவில் இருந்தவரும் இந்த நிலையில் வருவார்கள். நீண்ட காலம் வெளிநாட்டில் இருந்து திரும்பியவருக்கு இது பொதுவாக இரண்டு மூன்று ஆண்டுகள் கிடைக்கும்.

இந்த ஆண்டுகளில் இந்திய வருமானத்துக்கு மட்டுமே வரி. வெளிநாட்டு வங்கி வட்டி, அங்குள்ள வீட்டு வாடகை, பழைய முதலீடு விற்ற லாபம் இவற்றுக்கு இங்கே வரி இல்லை. வெளிநாட்டுச் சேமிப்பை முடித்துக்கொண்டு வர வேண்டுமானால் இந்த இடைவெளிக்குள் முடித்துவிடுவது நல்லது. ஆனால் ஒரு விதிவிலக்கை மறக்காதீர்கள். இந்தியாவிலிருந்து கட்டுப்படுத்தப்படும் தொழிலின் வெளிநாட்டு லாபத்துக்கு ஆர்.என்.ஓ.ஆர். நிலையிலும் வரி உண்டு.

மேலே சொன்ன 120 நாள் விதியில் சிக்குகிறவரும் முழு ரெசிடென்ட் ஆவதில்லை, ஆர்.என்.ஓ.ஆர். ஆகிறார். இந்திய வருமானம் 15 லட்சத்துக்கு மேல் இருந்து, எந்த நாட்டிலும் வரி கட்டக் கடமைப்படாத இந்தியக் குடிமகனை, ஒரு நாள்கூட இங்கே இல்லாவிட்டாலும் ரெசிடென்ட்டாகக் கருதும் விதி 2020-இல் வந்தபோது வளைகுடாத் தொழிலாளர்களிடையே பெரும் பதற்றம் எழுந்தது. அவரும் ஆர்.என்.ஓ.ஆர். நிலையில்தான் வைக்கப்படுகிறார். அங்கே உழைத்துச் சம்பாதித்த சம்பளத்துக்கு இந்த விதியால் இங்கே வரி வருவதில்லை.

என்.ஆர்.இ. கணக்கு விஷயத்தையும் இங்கே தெளிவாக்கிவிடலாம். அந்தக் கணக்கைத் திறக்கும் தகுதி அந்நியச் செலாவணிச் சட்டத்தின் கீழ் வருவது. அந்தச் சட்டம் நீங்கள் எந்த நோக்கத்தோடு போனீர்கள் என்று பார்க்கிறது, வரிச்சட்டம் நாட்களை எண்ணுகிறது. ஒன்றில் வெளிநாட்டவர், மற்றொன்றில் ரெசிடென்ட் என்று ஒரே ஆண்டில் ஒருவர் இருக்க முடியும். ஊரோடு திரும்பியதும் என்.ஆர்.இ. கணக்கை உள்ளூர்க் கணக்காக மாற்றச் சொல்லி வங்கிக்கு எழுதிக் கொடுங்கள். தகுதி போன பிறகு அந்த வட்டிக்கு வரி விலக்கு கிடையாது.

இரண்டாம் படி: ஒப்பந்தத்தைப் படியுங்கள்

ஒரே வருமானத்துக்கு இரண்டு நாடும் வரி கேட்கும்போது, யார் கேட்கலாம், எவ்வளவு கேட்கலாம் என்று வகுப்பதே இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தம். வங்கதேசத்துடன் 1991-இலும், ஐக்கிய அரபு அமீரகத்துடன் 1992-இலும், எத்தியோப்பியாவுடன் 2011-இலும் இந்தியா கையெழுத்திட்டிருக்கிறது. அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனி, சிங்கப்பூர், மலேசியா, இலங்கை என நம் தொழில் தொடும் நாடுகள் பெரும்பாலும் பட்டியலில் உள்ளன. ஒப்பந்தம், உள்நாட்டுச் சட்டம் இரண்டில் எது உங்களுக்குச் சாதகமோ அதை எடுத்துக்கொள்ளலாம் என்று 1961 சட்டத்தின் 90-ஆம் பிரிவு உரிமை தருகிறது. இந்த உரிமையை 2003-இல் ஆசாதி பச்சாவ் ஆந்தோலன் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

இரு நாடும் உங்களைத் தம் வசிப்பாளர் என்றால் ஒப்பந்தம் வரிசையாகக் கேள்வி கேட்கிறது. நிலையான வீடு எங்கே இருக்கிறது? இரண்டு இடத்திலும் இருந்தால், குடும்பமும் பொருளாதாரப் பிடிப்பும் எங்கே அதிகம்? அதுவும் தெளிவில்லை என்றால், வழக்கமாக எங்கே தங்குகிறீர்கள்? கடைசியில், எந்த நாட்டுக் குடிமகன்? மனைவி, பிள்ளைகள், வீடு, தறிப் பங்கு எல்லாம் மண்ணரையில் இருக்க, தனியாக டாக்காவில் அறை எடுத்துத் தங்கியவருக்கு இரண்டாவது கேள்வியே தராசை இந்தியப் பக்கம் சாய்த்துவிடலாம். ஒப்பந்தத்தை நம்பி நாட்கணக்கை அலட்சியப்படுத்தக் கூடாது என்பது இதனால்தான்.

ஒப்பந்தத்தை எவ்வளவு கவனமாகப் படிக்க வேண்டும் என்பதற்குச் செட்டிநாட்டுக் குடும்பங்களின் மலேசியத் தொடர்பிலிருந்து எழுந்த வழக்கே சான்று. பி.வி.ஏ.எல். குழந்தகன் செட்டியார் நிறுவனத்துக்கு மலேசியாவின் ஈப்போவில் ரப்பர் தோட்டங்கள் இருந்தன. ஓர் ஆண்டில் தோட்டத்திலிருந்து 88,424 ரூபாய் வருமானம், அங்கே சொத்து விற்றதில் 18,113 ரூபாய் லாபம். நிறுவனம் இந்தியாவில் ரெசிடென்ட் என்பதால் இரண்டுக்கும் இங்கே வரி என்றது வருமான வரித்துறை. மேல்முறையீட்டு அதிகாரி, தீர்ப்பாயம், சென்னை உயர் நீதிமன்றம் எனப் படிப்படியாகச் சென்ற வழக்கில் 2004 மே மாதம் உச்ச நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. தோட்டமும் சொத்தும் மலேசியாவில், இந்தியாவில் அந்த வருமானத்துக்கு நிலையான தொழிலிடம் எதுவும் இல்லை, ஒப்பந்தம் மலேசியாவுக்கு அந்த உரிமையைக் கொடுத்துவிட்டது என்பது தீர்ப்பின் சாரம்.

இந்தத் தீர்ப்பைக் கேள்விப்பட்ட பலர், வெளிநாட்டுச் சொத்து வருமானத்துக்கு இந்தியாவில் வரியே இல்லை என்று இன்றும் நம்புகிறார்கள். நிலைமை மாறிவிட்டது. ஒப்பந்தத்தில் வரும் சொற்களுக்கு அரசு அறிவிக்கையால் பொருள் தர முடியும் என்று சட்டம் திருத்தப்பட்டது. 2008 ஆகஸ்ட் 28-இல் வந்த 91-ஆம் எண் அறிவிக்கை, மற்ற நாட்டில் "வரி விதிக்கப்படலாம்" என்று ஒப்பந்தம் சொல்லும் வருமானத்தை இந்தியாவின் மொத்த வருமானத்தில் சேர்க்க வேண்டும், அங்கே கட்டிய வரியை இங்கே கழித்துக்கொள்ளலாம் என்று வகுத்தது. ஆகவே "மட்டுமே" என்ற சொல் இருக்கும் பிரிவுக்கும் "படலாம்" என்று முடியும் பிரிவுக்கும் பலன் வேறு வேறு. உங்கள் வருமானம் எந்தப் பிரிவில் வருகிறது, அது எப்படி முடிகிறது என்று ஆடிட்டரிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

அங்கே கட்டிய வரியை இங்கே கழிப்பது

ரெசிடென்ட்டாக இருப்பவருக்கு ஒப்பந்தம் தரும் பெரும்பாலான நிவாரணம் இந்த வடிவில்தான் வருகிறது. வெளிநாட்டு வருமானம் முழுவதையும் இங்கே காட்ட வேண்டும். அங்கே கட்டிய வரி, அதே வருமானத்துக்கு இங்கே வரும் வரி இரண்டில் எது குறைவோ அது கழிவு.

அமெரிக்கப் பங்கு வைத்திருக்கும் இளைஞர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். இந்திய-அமெரிக்க ஒப்பந்தப்படி தனிநபரின் டிவிடெண்டுக்கு அமெரிக்கா 25 சதவீதம் பிடித்துக்கொள்ளும். 40,000 ரூபாய் டிவிடெண்டில் 10,000 அங்கேயே போய்விடும். கைக்கு வந்த 30,000 அல்ல, 40,000 ரூபாயை இங்கே வருமானமாகக் காட்ட வேண்டும். 30 சதவீத வரி வரம்பில் இருப்பவருக்கு இந்திய வரி செஸ்ஸோடு 12,480. அதில் 10,000 கழித்து 2,480 கட்டினால் போதும். 20 சதவீத வரம்பில் இருப்பவருக்கு இந்திய வரி 8,320 மட்டுமே. கழிவும் அவ்வளவே, மீதி 1,680 ரூபாய் திரும்பக் கிடைக்காது.

இந்தக் கழிவுக்கு 1961 சட்டத்தின் கீழ் 67 எனப்பட்ட படிவத்தை இணையத்தில் தாக்கல் செய்ய வேண்டும். 2022-இல் விதி தளர்த்தப்பட்டு, ரிட்டர்னை உரிய காலத்தில் தாக்கல் செய்தவர் மதிப்பீட்டு ஆண்டு முடிவதற்குள் படிவத்தைத் தரலாம் என்று ஆனது. இருந்தாலும் ரிட்டர்னோடு சேர்த்தே தந்துவிடுங்கள். அந்நாட்டு வரித்துறையோ சம்பளம் தந்தவரோ அளித்த வரிப் பிடித்தச் சான்று கூடவே வேண்டும். வெளிநாட்டு வரியை ரூபாயாக மாற்ற, வரி கட்டிய மாதத்துக்கு முந்தைய மாதத்தின் கடைசி நாளில் இருந்த பாரத ஸ்டேட் வங்கியின் டெலிகிராஃபிக் டிரான்ஸ்ஃபர் வாங்கும் விகிதத்தை எடுக்க வேண்டும்.

ஆண்டுக் கணக்கு ஒத்துவராததும் ஒரு சிக்கல். நமக்கு ஏப்ரல் முதல் மார்ச், வங்கதேசத்துக்கு ஜூலை முதல் ஜூன், அமெரிக்காவுக்குக் காலண்டர் ஆண்டு. அந்நாட்டு ஆண்டுச் சான்றை அப்படியே எடுத்தால் நம் நிதியாண்டோடு பொருந்தாது. மாதாமாதம் சம்பளச் சீட்டையும் பிடித்த வரியையும் தனித்தனியாக வாங்கி வைத்தால் எந்த ஆண்டுக்கும் பிரித்துக் காட்ட முடியும். ஒப்பந்தம் இல்லாத நாடாக இருந்தாலும் 91-ஆம் பிரிவு ஓரளவு நிவாரணம் தந்தது, புதிய சட்டத்திலும் அது தொடர்கிறது.

துபாயில் கம்பெனி, திருப்பூரில் முடிவு

பையருக்கு அருகில் இருக்க வேண்டும் என்று அமீரகத்தின் ஃப்ரீ சோனில் கம்பெனி பதிவு செய்யும் ஏற்றுமதியாளர்கள் உண்டு. பதிவு அங்கே, ஆனால் விலை பேசுவது, ஆர்டர் ஏற்பது, வங்கிக் கையெழுத்து எல்லாம் திருப்பூர் அலுவலகத்திலிருந்து என்றால், வரித்துறை ஒரு கேள்வி கேட்கும்: கம்பெனியை உண்மையில் நடத்தும் இடம் எது? முக்கிய முடிவுகள் உள்ளபடியே இந்தியாவில் எடுக்கப்பட்டால் அந்தக் கம்பெனி இந்தியாவின் ரெசிடென்ட், அதன் உலக வருமானம் முழுவதும் இங்கே வரிக்குள் வரும். இந்த விதி 2017-18 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து இருக்கிறது. நிதியாண்டில் 50 கோடி ரூபாய் வரை விற்றுமுதல் உள்ள கம்பெனிகளுக்கு இது பொருந்தாது என்று 2017 பிப்ரவரியில் மத்திய நேரடி வரிகள் வாரியம் சுற்றறிக்கை தந்தது. பங்குதாரர் நிறுவனத்துக்கு விதி இன்னும் கடுமை: கட்டுப்பாடு முழுவதும் வெளிநாட்டில் இருந்தால் ஒழிய அது இந்திய ரெசிடென்ட்தான்.

அமீரகமும் 2023 ஜூன் முதல் தொடங்கும் கணக்காண்டுகளுக்கு 3,75,000 திர்ஹாமுக்கு மேற்பட்ட லாபத்தில் 9 சதவீதக் கம்பெனி வரி விதிக்கிறது. அங்கே வரியே இல்லை என்று சொல்லி விற்கப்படும் ஆலோசனைகளை நம்பிப் பணம் கட்டாதீர்கள். அங்கே உண்மையாகவே ஆள், அலுவலகம், முடிவெடுக்கும் அதிகாரம் இருந்தால் மட்டும் கம்பெனி தொடங்குங்கள்.

வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும்போது

இங்கே வசிப்பு நிலை பார்க்க வேண்டியது பணம் வாங்குகிறவருக்கு. வரி பிடித்து வைக்கும் பொறுப்பு உங்களுடையது. பிடிக்க வேண்டிய இடத்தில் பிடிக்காவிட்டால் அந்தச் செலவே உங்கள் கணக்கில் மறுக்கப்படும்.

*ஏஜென்ட் கமிஷன்.* ஆர்டர் பிடித்துத் தரும் வெளிநாட்டு ஏஜென்டுக்கு அனுப்பும் கமிஷனுக்கு வரி பிடிக்க வேண்டியதில்லை என்று இருந்த பழைய சுற்றறிக்கைகளை வாரியம் 2009 அக்டோபரில் திரும்பப் பெற்றது. அதன்பின் பல ஏற்றுமதியாளர்களுக்கு நோட்டீஸ் வந்தது. இந்தியாவில் வரிக்குட்படும் தொகைக்கு மட்டுமே வரி பிடிக்க வேண்டும் என்று 2010-இல் ஜி.இ. இந்தியா டெக்னாலஜி சென்டர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. ஃபைசான் ஷூஸ் என்ற காலணி ஏற்றுமதி நிறுவனத்தின் வழக்கில் 2014-இல் சென்னை உயர் நீதிமன்றம், வெளிநாட்டிலேயே ஆர்டர் பிடித்துத் தரும் ஏஜென்டின் கமிஷன் தொழில்நுட்பச் சேவைக் கட்டணம் ஆகாது, அது இந்தியாவில் வரிக்கு உட்படாது என்று தீர்ப்பளித்தது. தோல் தொழிலுக்குச் சொன்னது பின்னலாடைக்கும் பொருந்தும். ஆனால் உங்கள் ஏஜென்ட் ஒப்பந்தத்தில் டிசைன் ஆலோசனை, தரப் பரிசோதனை, சந்தை ஆய்வு என்றெல்லாம் எழுதி ஒரே தொகை போட்டிருந்தால் வாதம் பலவீனமாகும். கமிஷன் வேலையைத் தனியாக, தெளிவாக எழுதுங்கள்.

*மெஷின் டெக்னீஷியன்.* வெளிநாட்டவருக்குத் தரும் தொழில்நுட்பச் சேவைக் கட்டணத்துக்கான உள்நாட்டு வரி விகிதம் 2023 ஏப்ரலில் 10-இலிருந்து 20 சதவீதமாக உயர்ந்தது. சர்சார்ஜ், செஸ் தனி. இந்திய-ஜெர்மனி ஒப்பந்த விகிதமோ 10 சதவீதம்தான், அதன்மேல் செஸ் கிடையாது. ஜெர்மன் கம்பெனிக்கு 10 லட்சம் ரூபாய் சேவைக் கட்டணம் என்றால், சட்டப்படி 2,08,000, ஒப்பந்தப்படி 1,00,000. வரி உங்கள் பொறுப்பு என்று பேசி முடித்திருந்தால், அந்த வித்தியாசம் உங்கள் பையிலிருந்தே போகும். பிரிட்டன், அமெரிக்கா, நெதர்லாந்து, சிங்கப்பூர் ஒப்பந்தங்களில் இன்னொரு பாதுகாப்பும் உண்டு. அந்த நுட்ப அறிவை, அவர்கள் போன பிறகும் நீங்களே பயன்படுத்தும்படி கற்றுக்கொடுத்தால்தான் அது வரிக்குரிய தொழில்நுட்பச் சேவை. வெறுமனே வேலையைச் செய்துவிட்டுப் போனால் இல்லை.

இந்தக் குறைந்த விகிதத்துக்கு மூன்று தாள்கள் வேண்டும்: அந்நாட்டு வரித்துறை தந்த வசிப்புச் சான்றான டி.ஆர்.சி., 10எஃப் எனப்பட்ட படிவம், இந்தியாவில் தமக்கு நிலையான தொழிலிடம் இல்லை என்ற கடிதம். பணம் அனுப்புவதற்கு முன்பே இவற்றைக் கேட்டு வாங்குங்கள். மெஷின் ஆர்டர் போடும்போதே பர்ச்சேஸ் ஆர்டரில் இதை ஒரு நிபந்தனையாக எழுதிவிட்டால் பிறகு அலைய வேண்டாம். வரிக்குட்படும் தொகை ஆண்டுக்கு 5 லட்சத்தைத் தாண்டினால், வங்கி வழியே அனுப்ப ஆடிட்டர் சான்றும் (15சிபி எனப்பட்டது) தேவை.

மறைத்தால் வரும் அபராதம்

முழு ரெசிடென்ட்டாக இருக்கும் ஆண்டில் வெளிநாட்டு வங்கிக் கணக்கு, பங்கு, வீடு எல்லாவற்றையும் ரிட்டர்னில் உள்ள வெளிநாட்டுச் சொத்துப் பட்டியலில் காட்ட வேண்டும். வருமானமே வராவிட்டாலும் காட்ட வேண்டும். இந்தப் பட்டியல் காலண்டர் ஆண்டுக் கணக்கில் கேட்கப்படுகிறது. என்.ஆர்.ஐ.க்கும் ஆர்.என்.ஓ.ஆர். நிலையில் உள்ளவருக்கும் இது இல்லை.

2015-இல் வந்த கறுப்புப் பணச் சட்டத்தின்படி காட்டாமல் விட்டால் 10 லட்சம் ரூபாய் அபராதம். அசையாச் சொத்து தவிர மற்றவற்றின் மொத்த மதிப்பு 20 லட்சத்துக்குள் இருந்தால் இந்த அபராதம் இல்லை என்று 2024 அக்டோபர் 1 முதல் தளர்வு உண்டு. காட்டும் கடமை அப்போதும் இருக்கிறது. பல நாடுகளின் வங்கிகள் தம்மிடம் கணக்கு வைத்திருக்கும் இந்திய ரெசிடென்ட்டுகளின் விவரங்களைத் தம் அரசு வழியாக இந்தியாவுக்கு ஆண்டுதோறும் தருகின்றன. 2024 நவம்பரில் வரித்துறை, இந்த விவரங்களை வைத்தே வெளிநாட்டுச் சொத்தைக் காட்டாதவர்களுக்குக் குறுஞ்செய்தியும் மின்னஞ்சலும் அனுப்பித் திருத்திய ரிட்டர்ன் தரச் சொன்னது. யாருக்கும் தெரியாது என்ற காலம் முடிந்துவிட்டது.

மூன்றாம் படி: ஒரு கோப்பு வையுங்கள்

வீட்டில் ஒருவர் வெளிநாடு போனால், அவர் பெயரில் ஒரு கோப்பு தொடங்குங்கள். அதில் இருக்க வேண்டியவை:

- பாஸ்போர்ட்டின் எல்லாப் பக்கங்களின் நகல், முத்திரைத் தேதிகள் தெரியும்படி; விமான டிக்கெட்டுகள்
- ஆண்டுவாரியாக இந்தியாவில் இருந்த நாட்களின் பட்டியல், குறைந்தது முந்தைய 10 ஆண்டுகளுக்கு
- வேலைக் கடிதம், வேலை அனுமதி, வெளிநாட்டு வீட்டு வாடகை ஒப்பந்தம்
- மாதச் சம்பளச் சீட்டு, பிடித்த வரிக்கான சான்று, அந்நாட்டு ரிட்டர்ன் நகல்
- அந்நாட்டு வரி வசிப்புச் சான்று, ஒவ்வோர் ஆண்டுக்கும் தனியாக
- வெளிநாட்டு வங்கிக் கணக்கு அறிக்கை, டிசம்பர் 31 இருப்போடு

வசிப்புச் சான்றை அந்த நாட்டில் இருக்கும்போதே வாங்குங்கள். வேலையை விட்டு ஊர் வந்தபின் பழைய முதலாளியையும் அந்நாட்டு வரி அலுவலகத்தையும் தொலைபேசியில் துரத்துவது பெரும்பாடு.

வெளிநாட்டில் உழைத்த பணத்தில் சட்டம் கேட்பதை மட்டும் கட்டுவது உங்கள் உரிமை, கேட்பதைக் கட்டுவது கடமை. இரண்டும் ஒரே நாட்கணக்கிலிருந்துதான் தொடங்குகின்றன. உங்கள் வீட்டிலிருந்து யாராவது இந்த ஆண்டு வெளிநாடு போகிறார்கள் என்றாலோ திரும்பி வருகிறார்கள் என்றாலோ, டிக்கெட் போடுவதற்கு முன் நாட்களை எண்ணிவிட்டு ஆடிட்டரைப் பாருங்கள். மார்ச் 31 கடந்த பிறகு நாட்கணக்கை எந்த ஆடிட்டராலும் மாற்ற முடியாது.